உப்புச் சுரங்கத்தில் இருக்கும் 17 நிமிடங்கள்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரியில் இயற்பியல் படிக்கிறவர். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தை நண்பர்களோடு முதல் தடவையாகப் பார்த்திருக்கிறார். அவர் கேட்பது மூன்று விஷயம். இந்தப் படத்திலிருந்து வெட்டிய காட்சிகள் அமெரிக்காவில் ஒரு உப்புச் சுரங்கத்தில் பத்திரமாக இருப்பது உண்மையா? உண்மை என்றால் வெட்டியது யார், என்னென்ன வெட்டினார்கள்? இவ்வளவு வருஷம் ஆகியும் அதை ஏன் வெளியிடவில்லை?

முதல் கேள்விக்குப் பதில், உண்மைதான். மற்ற இரண்டையும் ஒரு வரியில் சொல்ல முடியாது. நான் சேலத்தில் தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர் கேபினில் பல வருஷம் வேலை பார்த்தவன். பிலிமை வெட்டி ஒட்டுவது கைப்பழக்கம். இந்தப் படத்தின் கடைசிக்கட்ட எடிட்டிங்கில் ஒரு பங்கு பெயர் தெரியாத ஆபரேட்டர்களின் கையால் நடந்தது. அதனாலேயே இந்தக் கதை மேல் எனக்கு ஒரு தனிப் பிடிப்பு உண்டு. நிதானமாகவே சொல்கிறேன்.

வெட்டு என்று பொதுவாகச் சொன்னாலும் இந்தப் படத்தில் அது இரண்டு கட்டமாக நடந்தது. படம் மக்கள் கண்ணில் படுவதற்கு முன்னால் குப்ரிக் தூக்கிப் போட்டவை ஒரு வகை. படம் திரைக்கு வந்து, ஜனங்கள் பார்த்து, அதற்கப்புறம் சில நாளைக்குள் வெட்டியவை இன்னொரு வகை. உப்புச் சுரங்கத்தில் இருப்பதாகச் சொல்லப்படுவது இரண்டாவது வகை. இணையத்தில் பல பேர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதல் வகையை முதலில் பார்ப்போம். படத்துக்கு ஒரு முன்னுரை வைக்கும் யோசனை இருந்தது. பூமிக்கு வெளியே உயிர் உண்டா, கணினிகள் எங்கே போய் முடியும், மனிதனைவிட மூத்த அறிவு பிரபஞ்சத்தில் இருக்குமா என்று நிஜமான விஞ்ஞானிகளையும் சிந்தனையாளர்களையும் கேமரா முன்னால் உட்காரவைத்துக் கேட்டார்கள். குப்ரிக்கின் நிறுவனத்தில் இருந்த ரோஜர் கேரஸ் 1966-இல் இந்தப் பேட்டிகளை எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படம். ஐசக் அசிமோவ், ஃப்ரீமன் டைசன், மானுடவியலாளர் மார்கரெட் மீட், உயிரின் தோற்றத்தைப் பற்றி எழுதிய ரஷ்ய விஞ்ஞானி ஒப்பாரின் எனப் பெரிய பெயர்கள். இயற்பியல் படிக்கிற உங்களுக்கு டைசனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் பத்து நிமிட அளவுக்குப் படத்தின் தொடக்கத்தில் வைப்பதாக இருந்தது. படத்துக்குப் பணம் போட்ட எம்ஜிஎம் ஸ்டுடியோ அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டிய பிறகு குப்ரிக்கே எடுத்துவிட்டார். அந்தப் பேச்சுகளின் எழுத்து வடிவம் புத்தகமாக அச்சில் வந்திருக்கிறது.

அந்த முன்னுரை போனது நல்லதுதான் என்பது என் கருத்து. நாலு பெரிய மனிதர்கள் வந்து ‘நீங்கள் பார்க்கப்போவது நடக்கக்கூடிய விஷயம்தான்’ என்று சத்தியம் செய்துவிட்டுப் போனால், அதற்கப்புறம் வருகிற வறண்ட நிலத்தையும் வாலில்லாக் குரங்கு மனிதர்களையும் நாம் வகுப்பறையில் உட்கார்ந்து பார்ப்பதுபோலத்தான் பார்த்திருப்போம். இப்போது அந்த முதல் அரை மணி நேரத்தில் ஒரு பேச்சுகூட இல்லை. எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்றே தெரியாமல் நிற்கிறோம். அதுதான் அந்தப் பகுதியின் பலம்.

பின்னணி விவரிப்புக் குரலும் அப்படித்தான் போனது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோடு சேர்ந்து எழுதிய திரைக்கதையில் ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கம் சொல்லும் குரல் உண்டு. அதற்காக அழைத்துவந்தவர் கனடா நாடக நடிகர் டக்ளஸ் ரெய்ன். விவரிப்பே வேண்டாம் என்று முடிவான பிறகு, அவர் குரல் படத்தில் விண்கப்பலை இயக்கும் ஹால் என்ற கணினிக்குப் போனது. ஹாலுக்கு அதற்கு முன்பே மார்ட்டின் பால்சம் பேசிப் பதிவு செய்திருந்தார், அதுவும் ஓரங்கட்டப்பட்டது. ஆக, நாம் இன்று நடுங்கிக் கேட்கிற அந்த அமைதியான குரல், வெட்டப்பட்ட ஒரு பகுதியிலிருந்து மிஞ்சிய குரல். அலெக்ஸ் நார்த் இசையமைத்து, ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்த இசையும் படத்தில் இல்லை. தன் இசை படத்தில் இல்லை என்பதே அவருக்குப் படத்தைத் திரையில் பார்த்தபோதுதான் தெரியும். எந்தக் கலைஞனுக்கும் அப்படி நடந்திருக்கக் கூடாது.

வேற்றுக்கிரகவாசிகளையும் காட்டப் பார்த்தார்கள். குரங்கு மனிதனாக நடித்த டான் ரிக்டருக்குப் புள்ளி போட்ட உடை மாட்டிச் சோதனை எடுத்தார்கள். எதுவும் நம்பும்படி வரவில்லை. காட்டவே காட்டாதீர்கள், இருப்பதை உணர்த்தினால் போதும் என்று வானியல் விஞ்ஞானி கார்ல் சேகன் யோசனை சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். நிலா மையத்தில் குழந்தைகள் ஓவிய வகுப்பில் உட்கார்ந்து படம் வரைகிற காட்சி எடுத்தார்கள். குப்ரிக்கின் மகள்கள் அதில் இருந்தார்கள். டாக்டர் ஃப்ளாய்ட் விண்வெளி நிலையத்திலிருந்து மகளோடு வீடியோ போனில் பேசுவது நினைவிருக்கும். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதும் அந்தச் சிறுமி ‘புஷ் பேபி’ என்கிற, தேவாங்கு போன்ற குட்டி விலங்கு வேண்டும் என்பாள். அந்தச் சிறுமி குப்ரிக்கின் மகள் விவியன். அதே போனில் ஒரு பெரிய கடையைக் கூப்பிட்டு ஃப்ளாய்ட் அந்தக் குட்டியை வாங்கும் காட்சியும் எடுத்து, வெட்டப்பட்டது. இன்று நாம் வீட்டில் இருந்தபடியே சாமான் வாங்குகிறோம் அல்லவா, அதை 1960-களிலேயே எடுத்துவைத்திருந்தார்கள்.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன்.

1968 ஏப்ரல் 2, வாஷிங்டன் அப்டவுன் தியேட்டர். அங்கேதான் படம் முதலில் திரையிடப்பட்டது. மறுநாள் நியூயார்க், அதற்கு மறுநாள் லாஸ் ஏஞ்சலஸ். அந்த ஏப்ரல் 4-ஆம் தேதிதான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொந்தளித்த வாரம் அது. படத்தின் நீளம் அப்போது 161 நிமிடம். பல பேர் பாதியில் எழுந்து போனார்கள். நியூயார்க் விமர்சகர்கள் சிலர் கடுமையாக எழுதினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் நடிகர் ராக் ஹட்சன், இது என்ன கதை என்று யாராவது சொல்லுங்களேன் என்று கேட்டபடி வெளியே போனது பிரபலமான செய்தி.

ஏப்ரல் 5-இலிருந்து 9 வரை குப்ரிக் உட்கார்ந்து படத்தை மறுபடி வெட்டினார். கூட எடிட்டர் ரே லவ்ஜாய். நியூயார்க்கில் எம்ஜிஎம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வேலை நடந்தது. 161 நிமிடம் 142 ஆனது. ஸ்டுடியோ மிரட்டி வெட்டவைத்தது என்று சில பேர் எழுதுகிறார்கள். குப்ரிக் சொன்னது வேறு. இசை, ஒலி எல்லாம் சேர்ந்த முழுப் படத்தையும் ஜனங்களோடு உட்கார்ந்து பார்க்கும்போதுதான் எங்கே இறுக்க வேண்டும் என்று தனக்குத் தெரிந்தது என்றார். இந்த வெட்டுகளால் பெரிய வித்தியாசம் இல்லை, பிடித்தவர்களுக்கு எந்த நீளத்திலும் பிடிக்கும், பிடிக்காதவர்களுக்கு எந்த நீளத்திலும் பிடிக்காது என்றும் சொன்னார். இந்த இரண்டாவது பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வெட்டியது எது? ஒரே பெரிய துண்டு கிடையாது. பல இடங்களில் சின்னச் சின்னதாக. ஆதிமனிதர் பகுதியில் கொஞ்சம். டிஸ்கவரி விண்கப்பலில் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் துணுக்குகள். விண்வெளி வீரர் ஃப்ராங்க் பூல் சுழலும் சக்கரத்துக்குள் ஓடுகிற காட்சியில் ஒரு பகுதி. இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தச் சக்கரத்தை விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் கட்டிக் கொடுத்தது. விட்டம் 38 அடி, எடை 30 டன், செலவு ஏழரை லட்சம் டாலர். அந்தக் காலத்து ஏழரை லட்சம்! அந்தச் செட்டே முழுசாகச் சுற்றியது. இவ்வளவு பாடுபட்டு எடுத்ததைப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெட்டுவதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். நம் ஊரில் செட்டுக்குச் செலவு செய்துவிட்டோம் என்பதற்காகவே பாட்டைக் கடைசிவரை வைத்திருந்த படங்களை எத்தனையோ ஓட்டியிருக்கிறேன்.

அடுத்தது, பூல் விண்வெளியில் இறங்குவதற்குத் தயாராகும் முழுப் பகுதி. இடைவேளைக்கு முன்னால் கூட இருக்கும் வீரர் போமன் இதேபோல உடை மாட்டி, பாட் என்கிற குட்டி விண்வண்டியில் ஏறி, வெளியே போய், ஆன்டெனாவிலிருந்து பழுது என்று ஹால் சொன்ன பாகத்தைக் கழற்றிவருவதை நாம் முழுசாகப் பார்த்துவிட்டோம். இடைவேளைக்கு அப்புறம் பூல் அதைத் திருப்பி வைக்கப் போகிறார். முதல் வடிவத்தில் அதே தயாரிப்பு, அதே நிதானம், மறுபடியும் முழுசாக. எண்கோண வடிவ நடைபாதையில் போமன் மாற்று உதிரிபாகம் எடுத்துவரும் காட்சியும் இருந்தது. அலுப்பு என்பதையும் கதையின் பாகமாக வைக்க நினைத்தார் குப்ரிக். ஆனால் ஒரே வேலையை இரண்டு தடவை முழுசாகக் காட்டியபோது தியேட்டரில் ஜனம் நெளிந்தது. இப்போது இடைவேளை முடிந்ததும் மூச்சுச் சத்தம், பாட் வண்டி, நேராகக் கொலை.

அந்தக் கொலையில்தான் மிக முக்கியமான வெட்டு இருக்கிறது. பூல் வெளியே வேலை செய்துகொண்டிருக்கும்போது, ஹால் அவருடைய ரேடியோ தொடர்பைத் துண்டிக்கிறது. 161 நிமிட வடிவத்தில் இது திரையில் தெரியும். அதற்கப்புறம்தான் பாட் வண்டி திரும்பி, கைகளை விரித்துக்கொண்டு அவரை நோக்கி வரும். 142 நிமிட வடிவத்தில் அந்தத் துண்டிப்பு இல்லை. ஆனால் அதன் மிச்சம் ஒன்று படத்திலேயே தங்கிவிட்டது. பூலைத் தேடிப் போமன் கிளம்பும்போது, ரேடியோவில் தொடர்பு கிடைத்ததா என்று ஹாலிடம் கேட்கிறார். ரேடியோ இன்னும் உயிரில்லாமல்தான் இருக்கிறது என்கிறது ஹால். ‘இன்னும்’ என்றால் எப்போதிலிருந்து? யாரும் நமக்குக் காட்டவில்லையே! முதல் வடிவத்தைப் பார்த்தவர்களுக்கு அது தானே செய்ததை மறைத்துப் பேசும் பொய் என்று உடனே தெரியும். இன்று பார்க்கிற நமக்கு அது ஒரு புதிர்.

இதனால் கதைக்கு நஷ்டமா லாபமா? தர்க்கமாகப் பார்த்தால் ஒரு கண்ணி அறுந்துபோயிருக்கிறது. ஆனால் பயம் என்று பார்த்தால் வெட்டு பிரமாதமாக வேலை செய்கிறது. ரேடியோவைத் துண்டிப்பதை முன்கூட்டியே காட்டினால், ஏதோ நடக்கப்போகிறது என்று நாம் தயாராகிவிடுவோம். இப்போது எந்த எச்சரிக்கையும் இல்லை. பாட் திரும்புகிறது, ஹாலின் சிவப்புக் கண் மூன்று தாவலில் நம் முகத்துக்கு நேராக வந்துவிடுகிறது, அடுத்து பூல் காற்றுக் குழாய் அறுந்து சுழன்றுகொண்டு போகிறார். சத்தமே இல்லை. விண்வெளியில் ஒலி கிடையாது என்ற இயற்பியலை மதித்த கொலைக்காட்சி அது. எந்த நீளத்திலும் ஒன்றுதான் என்று குப்ரிக் சொன்னதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். அந்தச் சில வினாடிகளை எடுத்ததால் ஹால் கணக்குப் போட்டுக் கொல்லும் இயந்திரம் என்ற நிலையிலிருந்து, உள்ளே என்ன ஓடுகிறது என்றே நமக்குத் தெரியாத ஒன்றாக மாறிவிட்டது.

இன்னொரு தடயமும் உண்டு. கடைசியில் போமன் அந்த வெள்ளை அறைக்குள் நடக்கும்போது கீழே கிடக்கும் ஒரு செருப்பை எடுத்துப் பார்க்கும் குளோசப் இருந்தது. அது போய்விட்டது. ஆனால் செருப்பு போகவில்லை. அவர் நடக்கும் ஷாட்டில் அவருக்குப் பின்னால் தெரியும். அடுத்த தடவை பார்க்கும்போது கவனியுங்கள். யாரோ தங்கியிருந்த அறை என்பதற்கான தொட்டுப் பார்க்கும் அத்தாட்சியாக அந்தச் செருப்பு இருந்திருக்கும்.

வெட்டியதோடு சேர்த்ததும் உண்டு. ‘வியாழன் பயணம், 18 மாதங்களுக்குப் பிறகு’ என்பதும், வியாழனுக்கு அப்பால் என்று வருவதும் முதல் காட்சிக்கு அப்புறம் சேர்த்த எழுத்து அட்டைகள். குரங்கு மனிதன் எலும்புக் குவியலில் ஒரு எலும்பைக் கையில் எடுத்து யோசிக்கும்போது, கறுப்புக் கல்தூண் ஒரு கணம் வந்து போகுமே, அந்த ஷாட்டும் அப்போது செருகியது. கல்தூண்தான் அவனுக்கு இந்த யோசனையைக் கொடுத்தது என்று பார்க்கிறவனுக்குக் கோடு போட்டுக் காட்டும் ஷாட். விளக்கத்தை எல்லாம் அறுத்துத் தள்ளிய மனிதர், இந்த ஒரு இடத்தில் மட்டும் ஜனங்களுக்குக் கை கொடுத்திருக்கிறார். அது வேண்டியிருந்தது என்றே நினைக்கிறேன்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். ஏப்ரல் 9-ஆம் தேதி நெகட்டிவில் வேலை முடிந்தால் போதுமா? படம் ஏற்கெனவே சில ஊர்களில் ஓடிக்கொண்டிருந்தது. 70 எம்எம் பிரிண்டுகள் அங்கே கேபினில் இருந்தன. அவற்றை எல்லாம் திரும்ப வாங்கிப் புதுப் பிரிண்டு அனுப்ப நேரம் இல்லை. அதனால் எந்த ரீலில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எடுக்க வேண்டும் என்று குறிப்பு எழுதித் தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த ஆபரேட்டர்கள் தங்கள் கையாலேயே வெட்டி ஒட்டினார்கள்.

இது எவ்வளவு பெரிய வேலை என்று கேபினில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். 70 எம்எம் பிலிம் நிமிடத்துக்கு 112 அடி ஓடும். 19 நிமிடம் என்றால் இரண்டாயிரத்துச் சொச்சம் அடி. அதையும் ஒரே துண்டாக எடுக்க முடியாது. பல ரீல்களில் சிதறிக் கிடக்கும் துணுக்குகள். ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு முனையும் சுத்தமாக வர வேண்டும், ஓரத்து ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வேண்டும். ஒட்டு பிசகினால் மெஷினில் பல் ஏறி அங்கேயே பிலிம் பிய்ந்துகொள்ளும்.

அதைவிடச் சங்கடம் ஒலி. நாங்கள் இங்கே ஓட்டிய 35 எம்எம் பிரிண்டில் ஒலிக்கோடு படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் இருக்கும். 70 எம்எம்மில் ஒலி காந்தப் பட்டைகளாகப் பிலிமின் ஓரங்களில் ஒட்டியிருக்கும், ஆறு டிராக். அது படத்துக்கு 24 பிரேம் பின்னால் வரும். வினாடிக்கு 24 பிரேம் ஓடுவதால் சரியாக ஒரு வினாடி. ஆகவே கண்ணுக்கு வெட்டு விழும் இடம் ஒன்று, காதுக்கு வெட்டு விழும் இடம் இன்னொன்று. பேச்சு நடுவில் வெட்டினால் ஒரு சொல் பாதியில் முறியும். இசை ஓடும் இடத்தில் வெட்டினால் ராகம் தாவும். கத்தரியிலோ பிளேடிலோ காந்தம் ஏறியிருந்தால் அந்த ஒட்டு ஓடும்போது ‘டப்’ என்று ஸ்பீக்கரில் அடிக்கும். எடிட்டிங் மேஜையில் ஒலியைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் வைத்து இழைக்கலாம். தயாரான பிரிண்டில் அதெல்லாம் நடக்காது. அதனால் அந்த ஆரம்ப வாரங்களில் ஒவ்வொரு தியேட்டரிலும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட படம் ஓடியிருக்கக்கூடும். ஒரு ஊரில் நயமாக வெட்டியிருப்பார்கள், இன்னொரு ஊரில் குதறியிருப்பார்கள்.

சேலம் ஒரு தனி விநியோக ஏரியா. இங்கே ஓடி முடித்த பிரிண்டு ஆத்தூர், ராசிபுரம், ஓமலூர் என்று படப்பெட்டியில் போகும். போகப் போக நீளம் குறையும். ஓட்டை பிய்ந்த இடத்தில் நாலு பிரேம் போகும். கடைசி ஆட்டம் நேரத்துக்கு முடிய வேண்டும் என்று ஒரு பாட்டைத் தூக்கச் சொல்வார்கள். எடுத்த துண்டை ரீல் கடைசியில் சுற்றி, திருப்பி அனுப்பும்போது ஒட்டிவிட வேண்டும். எல்லோரும் ஒட்டிவிட மாட்டார்கள். என்னோடு வேலை பார்த்த மூத்த ஆபரேட்டர் அண்ணன் ஒருவர், வெட்டிய துண்டில் எந்த ரீல், எந்த இடம் என்று காகிதச் சீட்டு சுற்றி ரப்பர் போட்டு வைப்பார். ‘நாளைக்கு வர்றவனுக்கு இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியணும்ல’ என்பார். குப்ரிக் அனுப்பிய குறிப்பை வைத்துக்கொண்டு வெட்டிய அந்த அமெரிக்க ஆபரேட்டர்களை நினைக்கும்போது எனக்கு அவர் முகம்தான் வரும்.

குப்ரிக் இதை இன்னொரு தடவையும் செய்தார். 1980-இல் ‘தி ஷைனிங்’ வெளியான சில நாளில், முடிவில் வரும் ஆஸ்பத்திரிக் காட்சியை எடுத்துவிடும்படி தியேட்டர்களுக்குச் சொன்னார். ஜனத்தோடு பார்த்த பிறகே ஒரு படம் முடிவாகிறது என்பது அவருடைய பழக்கம்.

சரி, உப்புச் சுரங்கம். எம்ஜிஎம்மின் பழைய படங்கள் 1986-இல் டெட் டர்னர் கைக்கு வந்தன. 1996-இல் அவர் நிறுவனம் டைம் வார்னரோடு சேர்ந்தது. ‘2001’ அப்படித்தான் வார்னரின் சொத்தானது. வார்னரும் மற்றப் பல ஸ்டுடியோக்களும் பழைய பிலிமை கன்சாஸ் மாநிலத்தில் ஹட்சின்சன் என்ற ஊரில், பூமிக்குக் கீழே 650 அடியில் இருக்கும் உப்புச் சுரங்கத்தில் வைக்கின்றன. நம்மூர் மேக்னசைட் சுரங்கம்போல் வெயில் படுகிற திறந்த குழி கிடையாது அது. வெட்டியெடுத்த உப்புப் பாறையின் காலி அறைகள். வருஷம் முழுக்க வெப்பம் மாறாது, ஈரப்பதம் ஏறாது. பிலிமுக்கு எமன் சூடும் ஈரமும்தான். அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்தால் டப்பாவைத் திறந்ததுமே வினிகர் நெடி அடிக்கும். சுருங்கும், வளையும், உடையும். அங்கே அந்தக் கவலை குறைவு.

2010 டிசம்பரில், ‘2001’-இன் ஒளித் தந்திரக் காட்சிகளை உருவாக்கியவர்களில் ஒருவரான டக்ளஸ் ட்ரம்புல் ஒரு செய்தி சொன்னார். வெட்டப்பட்ட 17 நிமிடங்கள் கன்சாஸ் சுரங்கத்தில் கெடாமல் கிடைத்திருக்கின்றன என்று. படம் உருவான விதம் பற்றி ஒரு ஆவணப்படத்துக்காக அவர் வேலை செய்துகொண்டிருந்த சமயம் அது. உலகம் முழுக்க ரசிகர்கள் குதித்தார்கள். வார்னர் உடனே பதில் கொடுத்தது. அந்தக் காட்சிகள் எப்போதும் எங்கள் கிடங்கில்தான் இருக்கின்றன. குறைத்த வடிவமே தன் இறுதி வடிவம் என்று குப்ரிக் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதை நீட்டவோ மாற்றவோ எங்களுக்கு எண்ணம் இல்லை. இதுதான் சாரம். ஆகவே ‘கண்டுபிடித்தார்கள்’ என்பதே சரியில்லை. தொலைந்திருந்தால்தானே கண்டுபிடிக்க! வெட்டியது 19 நிமிடம், சுரங்கத்தில் இருப்பதாகச் சொன்னது 17 நிமிடம். இரண்டு எண்ணும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை, ஒன்றாக்க வேண்டாம்.

வெளியிடாதது நியாயமா என்பது உங்கள் மூன்றாவது கேள்வி. இதற்கு நான் பார்க்கும் அளவுகோல், வெட்டிய கை யாருடையது என்பதுதான். ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’ 1927 ஜனவரியில் பெர்லினில் முழு நீளத்தில் திரையிடப்பட்டது. பிறகு விநியோகஸ்தர்கள் கதையையே மாற்றி வெட்டினார்கள். அமெரிக்க வடிவத்தில் பாத்திரங்களின் நோக்கமே வேறாகிவிட்டது. இயக்குநருக்கு அதில் சம்மதம் இல்லை. 2008-இல் புயனோஸ் அயர்ஸில் ஒரு அருங்காட்சியகத்தில் தேய்ந்துபோன 16 எம்எம் பிரதி வெளிப்பட்டது. அதை வைத்து ஏறக்குறைய முழுப் படத்தையும் மீட்டு 2010-இல் காட்டினார்கள். கீறலோடு தெரியும் அந்தக் காட்சிகள் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டியவை. அங்கே சேர்த்தது நியாயம். இங்கே நிலைமை நேர்மாறு. வெட்டியது குப்ரிக்கே. பக்கத்தில் யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அதனால் 161 நிமிடப் படத்தை ‘முழுமையான வடிவம்’ என்று பெயர் சூட்டி விற்றால் அது அவருக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் படத்துக்குள் சேர்ப்பது வேறு, தனியாகக் காட்டுவது வேறு. 17 நிமிடங்களை அப்படியே, இசை சேர்க்காமல், படத்தோடு ஒட்டாமல், ஆராய்கிறவர்களும் ரசிகர்களும் பார்க்கும்படி வைக்கலாம். ரேடியோ துண்டிக்கப்படும் அந்தச் சில ஷாட்டுகளை ஒரு மாணவன் பார்த்தால், ஒரு வெட்டு ஒரு பாத்திரத்தின் மனதையே எப்படி மாற்றுகிறது என்று ஒரே நிமிடத்தில் கற்றுக்கொள்வான். எந்தப் புத்தகமும் அதைச் சொல்லித்தர முடியாது. வார்னர் இதைச் செய்ய வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் ஊர். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தான் நீங்கள் மலைக்குப் போயிருப்பீர்கள். டி. ஆர். சுந்தரம் அங்கே கட்டிய ஸ்டுடியோவில்தான் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-இல் உருவானது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. பாட்டுப் புத்தகமும் சில போட்டோக்களும்தான் மிச்சம். அறிவியல் புனைவுக்கும் சேலத்துக்கும் சம்பந்தம் உண்டு. 1952-இல் அமெரிக்கக் கூட்டோடு மாடர்ன் தியேட்டர்ஸ் ‘காடு’ எடுத்தது. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. வில்லியம் பெர்க் இயக்கம், ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் நடிப்பு, நம்பியாரும் உண்டு. அழிந்துபோன மாமத் யானைகள் உயிரோடு வருகிற கதைக்கு, நிஜ யானைகளுக்கே ரோமம் போர்த்தி நடிக்கவைத்தார்கள். ஒரு முழுப் படமே காற்றோடு போன ஊரில் இருந்துகொண்டு, வேண்டாம் என்று இயக்குநரே கழித்த 17 நிமிடத்தைக்கூட அடையாளம் போட்டு, குளிர்ச்சியாக, அரை நூற்றாண்டாகக் காத்து வைத்திருக்கிறார்கள் என்று படிக்கும்போது எனக்குப் பொறாமையும் மரியாதையும் சேர்ந்தே வருகிறது.

கடைசியாக, எதைத் தேடிப் பார்க்கலாம் என்று கேட்பீர்கள். எந்த டிஸ்கிலும் வெட்டிய காட்சிகள் இல்லை. ‘நீக்கப்பட்ட காட்சி’ என்று யாராவது வீடியோ போட்டால் நம்பாதீர்கள். ஜெரோம் ஏஜல் 1970-இல் தொகுத்த புத்தகத்தில் விஞ்ஞானிகளின் பேட்டி எழுத்தும் ஏராளமான படங்களும் இருக்கின்றன. கிளார்க் 1972-இல் வெளியிட்ட ‘தி லாஸ்ட் வேர்ல்ட்ஸ் ஆஃப் 2001’-இல், கதை கைவிட்ட பழைய பாதைகள் எல்லாம் வரும். பூமிக்கு வந்துபோகும் வேற்றுக்கிரகத்தாரைக்கூட அதில் சந்திக்கலாம். கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கையில் வாழ்ந்த மனிதர் எழுதியது. குப்ரிக்கின் காகிதங்களும் போட்டோக்களும் லண்டனில் கலைப் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் 2007-இலிருந்து ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. மேல்படிப்புக்கு அந்தப் பக்கம் போனால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு, ஒரு முழு நாளை அதற்கென்று ஒதுக்கிக்கொண்டு போங்கள்.